பெர்காவ் அணைக்கட்டும் ஒரு கிராணி எழுதிய குறிப்பும்

சம்பள நாளில் நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சம்பளத் துண்டை விளக்கடியில் விரித்து, எத்தனை நாள் வேலை, எவ்வளவு பால், சேமநிதிக்கு எவ்வளவு பிடித்தம் என்று வீட்டுக்காரரும் வீட்டுக்கார அம்மாளும் சேர்ந்து கூட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் குறைந்தாலும் மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போய், "ஐயா, செக்ரோலைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்டுவிடுவோம். செக்ரோல் என்று ஒன்று இருப்பதால்தானே அப்படிக் கேட்க முடிகிறது?

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு உதவி என்று கொடுக்கும் பணத்துக்கும் செக்ரோல் உண்டு. அதைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி. "இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன?" என்று தள்ளிவிடாதீர்கள், வாசகர்களே. இது நம் வீட்டுக் கரண்டு பில்லோடு சம்பந்தப்பட்ட கதை.

கிளந்தான் மாநிலத்தில், தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், ஜெலி வட்டாரத்தில் பெர்காவ் அணைக்கட்டு இருக்கிறது. 600 மெகாவாட் மின்சாரம் எடுக்கக்கூடியது. 1988 நவம்பரில் இரண்டு பிரிட்டிஷ் கம்பெனிகள் சேர்ந்து, இந்த அணைக்கு உதவிப் பணம் வேண்டுமென்று தங்கள் அரசாங்கத்திடம் மனுச் செய்தன. அப்போது சொன்ன செலவு 31 கோடியே 60 லட்சம் பவுன். 1989 மார்ச்சில் பிரதமர் மார்கரெட் தாட்சர், நம் அலோர்ஸ்டாரில் பிறந்த பிரதமர் டாக்டர் மகாதீரிடம், உதவி உண்டு என்று வாய்மொழியாகச் சொன்னார். வாக்குக் கொடுத்துச் சில வாரங்கள்கூட ஆகவில்லை, செலவு 39 கோடியே 70 லட்சம் பவுனாக ஏறிவிட்டது!

லண்டனில் வெளிநாட்டு உதவி இலாகா என்று ஒன்று இருந்தது. அங்கிருந்த பொருளாதார அதிகாரிகள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். எரிவாயுவில் ஓடும் மின்நிலையம் கட்டினால் இதைவிட மலிவு. பெர்காவை இப்போதே கட்டினால் 35 ஆண்டுகளில் மலேசிய மக்கள் மின்சாரத்துக்கு 10 கோடி பவுனுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். இதுதான் அவர்கள் கண்ட கணக்கு. உதவி பெறுகிற நாட்டு மக்களுக்கே உதவியால் நஷ்டம்! அந்த மக்களில் நாமும் அடக்கம்.

அந்த இலாகாவின் தலைமை அதிகாரி சர் டிம் லங்காஸ்டர். தோட்ட வழக்கில் சொன்னால் பெரிய கிராணி. பெரிய கிராணி ஒரு செலவு சரியில்லை என்கிறார், துரை செய்தே ஆகவேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தியுள்ள கிராணி என்ன செய்வார்? "எழுத்தில் கொடுங்கள், ஐயா" என்பார். பிரிட்டனில் இது வெறும் சாமர்த்தியம் அல்ல, முறையான ஏற்பாடு. பொதுப் பணத்துக்குப் பொறுப்பான அதிகாரி தம் மறுப்பை எழுதி வைக்க வேண்டும். அமைச்சர் அதை மீறினால் எழுத்தில் உத்தரவு தரவேண்டும். 1991 பிப்ரவரியில் அப்படியே நடந்தது. லங்காஸ்டர் மறுப்பு எழுதினார். வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட், பிரதமர் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று பணத்தைக் கொடுக்கச் சொன்னார். மொத்தம் 23 கோடியே 40 லட்சம் பவுன், பல ஆண்டுகளில் கொடுப்பதாக ஏற்பாடு.

இரண்டரை ஆண்டுகள் அந்தக் காகிதத்தைப் பற்றி வெளியே மூச்சில்லை. 1993 அக்டோபரில் பிரிட்டனின் தேசியக் கணக்காய்வு அலுவலகம் அறிக்கை வெளியிட்ட பிறகுதான், அதிகாரி வேண்டாமென்றதும் அமைச்சர் மீறியதும் ஊருக்குத் தெரிந்தது. நூல் நுனி கிடைத்தபின் சேலையை இழுப்பது கஷ்டமா? பாராளுமன்றக் குழுக்கள் விசாரித்தன. 1988 மார்ச்சில் பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சர் கையெழுத்திட்ட ஒரு குறிப்பில், மலேசியா வாங்கும் ஆயுதங்களோடு உதவிப் பணம் முடிச்சுப் போடப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த முடிச்சைப் பிறகு அவிழ்த்துவிட்டோம் என்றது பிரிட்டிஷ் அரசாங்கம். பத்திரிகைகள் விடவில்லை. அவை எழுதியதில் கோபமுற்ற மலேசிய அரசாங்கம், 1994 பிப்ரவரியில், பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு இனி அரசாங்கக் குத்தகை கிடையாது என்று அறிவித்து, செப்டம்பரில்தான் தடையை எடுத்தது.

அடுத்து நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உலக வளர்ச்சி இயக்கம் என்ற பொதுநல அமைப்பு ஒன்று கோர்ட்டுக்குப் போனது. அணையில் அதற்குக் காலணா சம்பந்தமில்லை. ஆனாலும் வழக்காடும் உரிமை உண்டென்று ஏற்றுக்கொண்ட லண்டன் உயர்நீதிமன்றம், 1994 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவிப் பணம் ஒரு நாட்டின் வளர்ச்சிக்காகவோ அதன் மக்களின் நலனுக்காகவோ இருக்கவேண்டும். பொருளாதார ரீதியில் தகுதியற்ற திட்டத்துக்குக் கொடுத்தது சட்ட விரோதம். அமைச்சரின் கையைக் கோர்ட்டில் கட்டியது எது? லங்காஸ்டர் எழுதிய குறிப்பும் அதை வெளியிட்ட கணக்காய்வு அறிக்கையும்தான்.

அணை நின்றுவிட்டதா என்றால், இல்லை. பிரிட்டிஷ் அரசாங்கம் வேறு கணக்கிலிருந்து பணத்தைக் கொடுத்தது, அணையும் கட்டி முடிந்தது, இன்றும் மின்சாரம் தருகிறது. அது கெட்ட அணை என்று நான் சொல்லவில்லை. விலை என்ன, யார் தலையில் என்பதை விலை கொடுப்பவர்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி. பிரிட்டனில் இதன் பலன் தங்கியது. 2002-இல் வந்த புதிய சட்டம் உதவிப் பணம் வறுமையைக் குறைக்கவே என்று எழுதிவைத்தது. 2005 ஜனவரி முதல் தகவல் உரிமைச் சட்டம் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

இந்தக் கதையில் அணை நம் நாட்டில். கூடுதல் விலை கொடுக்கவேண்டியவர்கள் நாம். ஆனால் காகிதம் திறந்தது லண்டனில்! இங்கே 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டம் 1986-இல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. அமைச்சரவைப் பத்திரங்களும் வெளிநாட்டு உறவுப் பத்திரங்களும் அதன் அட்டவணையில் அடங்கும். அவற்றை வெளியிட்டவருக்குக் குறைந்தது ஓராண்டு சிறை. மாநில அளவில் முதலில் ஜன்னல் திறந்தவை சிலாங்கூரும் பினாங்கும். சிலாங்கூர் 2011-இல் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியது. பினாங்குச் சட்டம் 2015-இல் நடைமுறைக்கு வந்தது. மூடா ஆற்றுக்கு அந்தக் கரையில் இருப்பவர் மாநில அரசாங்கக் கோப்பைக் கேட்டு மனுப் போடலாம். இந்தக் கரையில் நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

தகவல் கேட்பது படித்தவர்கள் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு இந்தியாவின் ராஜஸ்தானைக் காட்டுகிறேன். அங்கே வறட்சி நிவாரண வேலையில் மண் சுமந்த கூலிக்காரர்கள், தங்கள் செக்ரோலின் நகல் கேட்டுப் போராடினார்கள். 1996-இல் பியாவர் நகரத்தில் 40 நாள் உட்கார்ந்தார்கள். 2005-இல் இந்தியாவில் வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் போராட்டமும் ஒரு வேர்.

இன்னொரு செய்தி, பலருக்குத் தெரியாதது. பிரிட்டனின் தகவல் சட்டம் கேட்பவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. சிடாம் கிரியிலிருந்து நீங்களும் எழுதலாம். பெயர், பதில் வரவேண்டிய முகவரி, எந்தத் தகவல் வேண்டும் என்ற விவரம், இவ்வளவு போதும். கடிதமாகவும் அனுப்பலாம், மின்னஞ்சலாகவும் அனுப்பலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 20 வேலை நாட்களுக்குள் பதில் தரவேண்டும். வெளிநாட்டு உறவுக்குக் கேடு என்று சிலவற்றை மறுக்கவும் அவர்களுக்கு வழியுண்டு. ஆனால் எந்தப் பிரிவின்படி மறுக்கிறோம் என்பதை எழுத்தில் சொல்லியாக வேண்டும். அதுவும் சரியில்லை என்று பட்டால், முதலில் அதே இலாகாவிடம் மறுபரிசீலனை கேட்டுவிட்டு, பிறகு அங்குள்ள தகவல் ஆணையருக்கு முறையீடு எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.