வானகரம் சந்தையில் இருப்பது எந்தக் கடல் மீன்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையும் கையுமாகக் கிளம்புகிற பல பேருக்குப் போகிற இடம் ஒன்றுதான்: வானகரம் மீன் சந்தை. வீட்டோடு வண்டியில் போய், நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, வெட்டி வாங்கிட்டு வர்றது எங்க பக்கத்துல ஒரு சின்ன அவுட்டிங். "நாம கடற்கரை ஊர்க்காரங்க, நமக்குத் தெரியாத மீனா" என்கிற பெருமையும் கூடவே வரும்.

ஆனால் வானகரத்துக்கும் கடலுக்கும் நடுவில் சுமார் 15 கிலோமீட்டருக்கு நகரம் இருக்கிறது. கடலே இல்லாத இடத்தில் எப்படி இவ்வளவு மீன்? அதில் நம்ம கடல் மீன் எது?

முதல் கேள்விக்குப் பதில் ரோடு. வானகரம் இருப்பது பெங்களூரு நெடுஞ்சாலையில். பக்கத்திலேயே மதுரவாயலில் பைபாஸ் குறுக்கே போகிறது. தெற்கே ஜி.எஸ்.டி. சாலை வழியாக நாகை, ராமேஸ்வரம், தூத்துக்குடி லாரிகள் வரலாம். வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலை வழியாக ஆந்திர லாரிகள். மேற்கே இருந்து கேரளா, மங்களூர் லாரிகள். எந்தப் பக்கத்து வண்டியும் ஊருக்குள் நுழையாமலே இங்கே பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பலாம். காசிமேட்டுக்குக் கடல் எப்படியோ, வானகரத்துக்கு ரோடு அப்படி.

இரண்டாவது கேள்விக்குப் பதில் காலண்டரில் இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2016 வரை இது 45 நாளாக இருந்தது. மீன் முட்டையிடுகிற காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ஃபைபர் படகு, கட்டுமரம் போன்ற நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. மேற்குக் கடற்கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளா தன் கரையோரக் கடலில் ஜூன் 9 நள்ளிரவு முதல் டிராலர்களை நிறுத்துகிறது.

இதை வைத்தே பாதிக் கணக்கைப் போட்டுவிடலாம். மே மாதம் சந்தையில் பெரிய மீன் குவிந்து கிடந்தால், அதில் நிறைய மேற்குக் கரையிலிருந்து வந்ததாக இருக்கும், இல்லையென்றால் குளிர்பதனக் கிடங்கில் இருந்தது. ஜூலையில் நிலைமை தலைகீழ்: நம்ம படகுகள் ஓடும், அந்தப் பக்கம் நிற்கும். ஜூன் முதல் பாதியில் இரண்டு கரையிலும் வரத்து சுருங்கும், விலை ஏறும். அப்போது "இன்னைக்குக் காலைல காசிமேட்டுல இறங்கினது" என்று யாராவது பெரிய வஞ்சிரத்தைக் காட்டினால் கொஞ்சம் யோசிக்கணும். பொய்யென்று அடித்துச் சொல்ல முடியாது, நாட்டுப் படகிலும் வஞ்சிரம் வரும். ஆனா அது குவியல் குவியலா வராது.

மூன்றாவது ஒரு வகை உண்டு: கடலையே பார்க்காத மீன். வவ்வாலை விட மலிவாகக் கிடைக்கிற 'ஏரி வவ்வால்' உண்மையில் வவ்வால் இனமே இல்லை. தென் அமெரிக்க ஆற்று மீன், பிரானாவுக்குச் சொந்தம். இங்கே குளத்தில் வளர்க்கிறார்கள். ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. பண்ணையில் வளர்கிற வனாமி இறாலுக்குப் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரை. இங்கே வளர்க்க அனுமதி கிடைத்தது 2009-இல். கட்லா, ரோகுவில் பெரும்பங்கு ஆந்திரக் குளங்களிலிருந்து வருகிறது. இவை எதுவும் மட்டமான மீன் இல்லை. உயிரோடோ அன்றைக்கே பிடித்ததோ கிடைத்தால், பல நாள் ஐஸில் கிடந்த கடல் மீனை விட நல்லது. வவ்வால் விலைக்கு ஏரி வவ்வாலை வாங்காமல் இருந்தால் போதும்.

எந்த ஊர் மீன் என்று இவ்வளவு பார்ப்பது வெறும் பெருமைக்காக இல்லை. சூறை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன்கள் பிடித்ததிலிருந்து குளிர்ச்சி குறையாமல் வரவேண்டும். வழியில் ஐஸ் குறைந்தால் சதையில் ஹிஸ்டமின் என்கிற பொருள் சேரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி வரும். வீட்டில் "மீன் ஒத்துக்கல" என்று சொல்லிவிடுவோம். பல நேரம் ஒத்துக்கொள்ளாதது மீன் இல்லை, அது வந்த விதம். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் போகாது. திரும்பவும் ஃப்ரீசரில் வைப்பதும் உதவாது. அரிப்போடு மூச்சுத் திணறலும் வந்தால் உடனே டாக்டரிடம் போகணும்.

அதனால் சந்தையில் நான் கேட்பது மூன்று. எந்த ஊர்ப் பெட்டி? எப்போ இறங்கியது? இந்த மாசம் அந்தக் கரை திறந்திருக்கிறதா? மூன்றாவதற்குப் பதில் நமக்கே தெரிந்திருக்கணும். பிறகு செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பது, சதையை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பது, வாடை பிடிப்பது எல்லாம் வழக்கம்போல. ஒன்று மட்டும்: ஹிஸ்டமின் சேர்ந்த மீன் பார்வைக்கும் வாடைக்கும் நன்றாகவே இருக்கலாம். அதனால் சூறை, கானாங்கெளுத்தி வாங்கும்போது பெட்டியில் ஐஸ் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். வீட்டுக்குப் போக அரை மணிக்கு மேல் ஆகுமென்றால் பைக்குள்ளும் கொஞ்சம் ஐஸ் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.