தெருவை வாழவைக்கும் கொடை எது?

பினாங்கின் சூலியா தெருவை ஒட்டி 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்கென்று நிலம் ஒதுக்கியது. தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் அங்கே எழுப்பியதுதான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அந்த நிலம் வக்ஃபு ஆனது.

வக்ஃபு என்றால் என்ன?

ஒருவர் தம் நிலத்தையோ கட்டடத்தையோ இறைவனின் பெயரால் என்றென்றைக்குமாக விட்டுக்கொடுப்பது. அதை விற்க முடியாது. வாரிசுகள் பங்கு கேட்கவும் முடியாது. அதிலிருந்து வரும் வாடகை மட்டும் தொழுகை, கல்வி, ஏழைகளின் தேவை என்று செலவாகும். பொறுப்பாளரை முத்தவல்லி என்பார்கள். சில முத்தவல்லிகள் சொத்தைச் சொந்தம்போல் நடத்தியதால்தான் 1905-இல் பிரிட்டிஷ் அரசு சட்டம் இயற்றி, முஸ்லிம், இந்து அறச்சொத்துகளைக் கண்காணிக்க வாரியம் அமைத்தது. கணக்கு கேட்க ஆளில்லாத அறம் நிலைக்காது.

வக்ஃபிலிருந்து மானியம் எப்படி வேறுபடுகிறது?

2008-இல் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமானது. அடுத்த ஆண்டு, மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் திங்க் சிட்டி அமைப்பைத் தொடங்கி, 2 கோடி ரிங்கிட் மானியத் திட்டத்தை அதனிடம் ஒப்படைத்தது. பழைய கடைவீடுகளைச் செப்பனிடவும் சமூகப் பணிகளுக்கும் பணம் போனது. வக்ஃபு தலைமுறைகளுக்கு வருமானம் தரும். மானியம் குறித்த வேலைக்கு உடனே கைகொடுத்து, அந்த வேலையோடு முடியும். ஊருக்கு இரண்டும் வேண்டும்.

குடும்பங்களுக்கு என்ன கிடைக்கிறது?

இங்கேதான் கவனம் தேவை. 2000 ஜனவரியில், பழைய வீடுகளின் வாடகையை உயரவிடாமல் வைத்திருந்த கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை ஏறியது. நகரின் நடுவே தலைமுறைகளாக இருந்த பல குடும்பங்கள் வெளியேறின. கூரை ஒழுகாத வீடு, காற்றோட்டமுள்ள அறை, சுத்தமான கழிப்பறை ஆகியவை உடல்நலத்துக்கு அடிப்படை. ஆனால் வீடு சீரானதும் குடியிருந்தவர் வாடகை கட்ட முடியாமல் போய்விட்டால், அந்த நலம் அவரைச் சேராது. பிள்ளைகளின் பள்ளி மாறும். முதியவர்களுக்குப் பழகிய மருத்துவரும் அண்டைவீட்டாரும் தூரமாவார்கள்.

ஆகவே மானியம் தருபவர்கள் வீட்டு உரிமையாளரிடம் ஒப்பந்தத்திலேயே ஓர் உறுதி வாங்க வேண்டும்: பழைய குடித்தனக்காரர் இத்தனை ஆண்டு இதே வாடகையில் இருப்பார் என்று. அறச்சொத்து வீடுகளிலும் ஏழைக் குடும்பங்களுக்கே முதலிடம் வேண்டும். கட்டடத்துக்குச் செலவிடும் பணம் அதில் வாழ்பவரையும் காக்கட்டும்.