பின்விளக்கை எல்இடியாக மாற்றப் போகிறீர்களா? பின்னால் வருபவரை முதலில் நினையுங்கள்

தெருவிளக்கு இல்லாத தோட்டத்துச் சாலையில், அதுவும் மழை பிடித்துக்கொண்ட மாலை வேளையில், முன்னே ஒரு கார் போகிறது என்பதைப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்குச் சொல்வது இரண்டு சிவப்புப் புள்ளிகள்தான். அந்தக் கார் சும்மா போய்க்கொண்டிருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்பதையும் அவைதான் சொல்ல வேண்டும். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இதை நினைத்தால் அந்த இரண்டு புள்ளிகளின் மதிப்பு விளங்கும்.

பழைய சாகா, விரா, கஞ்சில், மைவி வைத்திருப்போர் பலர் இப்போது பின்விளக்கில் உள்ள பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பைப் பொருத்துகிறார்கள். பொருள் இணையக் கடையிலேயே கிடைக்கிறது. கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தால் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துவிடலாம். ஆனால் தவறான பல்பைப் போட்டால் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் விளக்கு, பிரேக் பிடிக்கும் நேரத்தில் பின்னால் வருபவருக்கு எதையும் சொல்லாமல் போய்விடும். இதை வீட்டில் எப்படிச் சரியாகச் செய்வது, எங்கே நிறுத்திக்கொள்வது என்று பார்ப்போம்.

பழைய பல்பின் கணக்கு

பெரும்பாலான பழைய கார்களில் பின்விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரே பல்புதான். அதனுள் இரண்டு டங்ஸ்டன் இழைகள் இருக்கும். ஒன்று 5 வாட், மற்றொன்று 21 வாட். இரவில் விளக்கைப் போட்டால் சின்ன இழை எரியும். பிரேக்கை மிதித்தால் பெரிய இழையும் சேர்ந்துகொள்ளும். உதிரிபாகக் கடையில் இதை 1157 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒற்றை இழை பல்பு 1156. சற்றுப் புதிய கார்களில் உலோக அடிப்பகுதி இல்லாமல், தட்டையாகச் சொருகும் டி20 வகை இருக்கும். அதில் இரட்டை இழைக்கு 7443, ஒற்றை இழைக்கு 7440 என்று எண்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அனைத்துலகத் தரத்தின்படி இந்த இரட்டை இழை பல்பின் சின்ன இழை தர வேண்டிய ஒளி சுமார் 35 லூமன். பெரிய இழை தர வேண்டியது சுமார் 440 லூமன். ஏறக்குறைய 12 மடங்கு வித்தியாசம். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பின்னால் வருபவர் "முன்னால் இருப்பவர் பிரேக் பிடிக்கிறார்" என்று தெரிந்துகொள்கிறார். எந்த எல்இடியைப் போட்டாலும் இந்த வித்தியாசம் கெடக்கூடாது.

எல்இடியால் என்ன லாபம்?

முதல் லாபம், நேரம். டங்ஸ்டன் இழை சூடேறி முழு வெளிச்சம் தர ஏறக்குறைய 0.2 விநாடி பிடிக்கும். எல்இடி உடனே எரிந்துவிடும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் சுமார் 30 மீட்டர் ஓடுகிறது. 0.2 விநாடி என்றால் 6 மீட்டர். ஒரு மைவியின் நீளத்தைவிட அதிகம். அந்த 6 மீட்டர், பின்னால் வருபவருக்கு இலவசமாகக் கிடைக்கும் இடைவெளி.

இரண்டாவது, மின்சாரம். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். அதே வேலைக்கு எல்இடி சில வாட்களே எடுத்துக்கொள்ளும். இதனால் பெட்ரோல் செலவு குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல்பு வீட்டில் சூடு குறையும், பழைய வயருக்குச் சுமை குறையும். அவ்வளவுதான்.

மூன்றாவது, ஆயுள். ஆட்டத்தில் அறுந்துபோக எல்இடியில் இழை கிடையாது. குண்டும் குழியுமான மண்சாலையில் தினமும் ஓடும் காருக்கு இது பெரிய விஷயம். ஆனால் எல்இடிக்கு எதிரி சூடு. சூட்டை வெளியேற்ற வழியில்லாத மலிவுச் சரக்கு சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும்.

பல்பை மாற்றுமுன் விளக்கைப் பாருங்கள்

"பின்விளக்கு மங்கிவிட்டது, எல்இடி போட வேண்டும்" என்று நினைப்பவர்கள் முதலில் விளக்கைத் திறந்து பார்ப்பது நல்லது. பல நேரங்களில் குற்றம் பல்பில் இருக்காது. வெயிலில் வெளுத்த சிவப்புக் கூடு, உள்ளே புகுந்த தூசி, உரிந்துபோன வெள்ளிப் பூச்சு, பச்சைத் துரு ஏறிய பல்பு வீடு ஆகியவைதாம் காரணமாக இருக்கும். 

எர்த் வயர் துருப்பிடித்திருந்தால் விளக்கு விசித்திரமாக நடந்துகொள்ளும். பிரேக்கை மிதித்தால் சிக்னல் மங்கலாக எரியும். சிக்னல் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடிக்கும். இப்படி இருக்கும் காரில் எல்இடி போட்டால் கோளாறு கூடுமே தவிரக் குறையாது. துருவைச் சுரண்டி, மின்தொடர்பைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்து, புதிய சாதாரண பல்பைப் போட்டாலே பல கார்களில் வெளிச்சம் திரும்பிவிடும். அதற்குச் சில ரிங்கிட்தான் செலவு.

எதை வாங்குவது?

நிறம்: சிவப்புக் கூட்டுக்குள் சிவப்பு எல்இடிதான் போட வேண்டும். வெள்ளை போட்டால் இன்னும் பளிச்சென்று இருக்கும் என்பது தவறான கணிப்பு. வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலமும் மஞ்சளும்தான் அதிகம். சிவப்புக் கூடு அவற்றைத் தடுத்துவிடும். மிஞ்சுவது வெளிறிய இளஞ்சிவப்பு. சிக்னலின் கூடு நிறமில்லாமல் இருந்தால் அதற்கு மஞ்சள் எல்இடி வேண்டும். ரிவர்ஸ் விளக்குக்கும் எண் பட்டை விளக்குக்கும் வெள்ளை.

திசை: சாதாரண பல்பு எல்லாப் பக்கமும் ஒளி வீசும். விளக்கின் உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் அதை வாங்கிப் பரப்பும். முனையில் மட்டும் எல்இடி ஒட்டிய பல்பை வாங்கினால் நடுவில் ஒரு புள்ளி எரியும். சுற்றிலும் இருட்டாக இருக்கும். நேர் பின்னால் நின்றால் கண் கூசும், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் விளக்கே தெரியாது. சுற்றுப்புறத்திலும் எல்இடி பதித்த, பழைய பல்பின் உயரத்துக்கு ஒத்த பல்பைத் தேடுங்கள்.

இரு நிலை: சின்ன வெளிச்சத்துக்கும் பிரேக் வெளிச்சத்துக்கும் தெளிவான வேறுபாடு இருக்க வேண்டும். மலிவுப் பல்புகள் தோற்பது இங்கேதான். சாதாரண நிலையிலேயே அதிகம் எரிந்துவிட்டு, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம்தான் கூடும்.

பிரேக் பிடித்தால் படபடவென்று மின்னும் வகையை வாங்கவே வேண்டாம். பின்னால் வருபவரை அது குழப்பும், சம்மனுக்கும் வழிவகுக்கும்.

மாற்றும் முறை

1. இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பல்பு ஆறும்வரை கால் மணி நேரம் காத்திருங்கள்.

2. பின்கதவைத் திறந்து, விளக்கின் பின்புறத்துக்கு வழி பாருங்கள். சில கார்களில் உள்பக்க மூடியைக் கழற்றினால் போதும். சிலவற்றில் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி விளக்கையே வெளியே இழுக்க வேண்டும். கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பல்பு வீட்டைக் கால் சுற்றுத் திருப்பி வெளியே எடுங்கள். 1157 வகையை உள்ளே அழுத்தி, இடப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். கண்ணாடி உடையலாம், துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்து, வாங்கிய எல்இடி அதே வகையா என்று உறுதிசெய்யுங்கள். 1157 பல்பின் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாகப் போகாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. போகவில்லை என்றால் பலவந்தம் செய்யாமல் திருப்பிப் போடுங்கள்.

4. புதிய பல்பைப் பொருத்தி, எல்லாவற்றையும் மூடுமுன் எரியவிட்டுப் பாருங்கள். எல்இடியைத் தமிழில் ஒளியுமிழ் இருமுனையம் என்பார்கள். அந்தப் பெயரிலேயே பாடம் இருக்கிறது. அதற்கு நேர்முனை, எதிர்முனை என்று இரண்டு உண்டு; மாற்றிச் சொருகினால் எரியாது. தட்டை வகைப் பல்பு எரியவில்லை என்றால் பழுது என்று தூக்கி எறியாமல், கழற்றி மறுபக்கம் திருப்பிச் சொருகுங்கள். 7443 வகையில் மட்டும் கவனம் தேவை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள் இணைப்பு மாறிய வகை ஒன்றும் விற்கிறது. பொருந்தாததைப் போட்டால் பியூஸ் போய்விடும்.

5. இப்போதைக்கு ஒரு பக்கம் மட்டும் மாற்றுங்கள். மறுபக்கம் பழைய பல்பே இருக்கட்டும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

6. மூடும்போது ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் மழைக்கு ஒரு சின்ன இடைவெளி போதும், விளக்குக்குள் தண்ணீர் தேங்கிவிடும்.

சிக்னல் ஏன் படபடக்கிறது?

பின்விளக்கோடு சேர்த்துச் சிக்னல் பல்பையும் எல்இடியாக மாற்றியவர்கள் பலர், சிக்னல் இரு மடங்கு வேகத்தில் துடிப்பதைப் பார்த்துத் திகைத்திருப்பார்கள். இது பழுதல்ல. சிக்னல் ரிலே, பல்பு இழுக்கும் மின்சாரத்தை அளந்துகொண்டே இருக்கும். அது குறைந்தால் "ஒரு பல்பு போய்விட்டது" என்று எடுத்துக்கொண்டு வேகமாகத் துடித்து ஓட்டுநருக்குச் சொல்லும். எல்இடி குறைவாக இழுப்பதால் ரிலே ஏமாந்துவிடுகிறது.

இதற்குக் கடைகளில் 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கொடுப்பார்கள். அதை இணைத்தால் துடிப்பு சரியாகிவிடும். ஆனால் 12 வோல்ட்டில் அது சுமார் 24 வாட் மின்சாரத்தை வெறும் சூடாக மாற்றுகிறது. எல்இடியில் மிச்சப்படுத்தியது அங்கே போய்விடும். சிக்னலை நெடுநேரம் போட்டு வைத்தால் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். அதை பிளாஸ்டிக்கிலோ வயர் கட்டிலோ ஒட்டிவைப்பது தீயை அழைப்பதற்குச் சமம். காரின் உலோகப் பகுதியில் ஸ்குரூ போட்டுத்தான் பொருத்த வேண்டும். எல்இடிக்கு ஏற்ற ரிலேயை மாற்றுவது மேலான வழி. ஆனால் புதிய கார்கள் பலவற்றில் ரிலே தனியாக இருப்பதில்லை. எளிய வழி, சிக்னலில் பழைய பல்பையே விட்டுவிடுவது. அதனால் யாருக்கும் நட்டமில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டு வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகளும் விளக்குகளைக் கட்டுப்படுத்துகின்றன. விளக்கின் நிறத்தை மாற்றுவது, மின்னவிடுவது, பின்விளக்கைக் கறுப்பாக்குவது எல்லாம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சோதனையில் சிக்கும்.

சிவப்புக்குச் சிவப்பாகப் பல்பை மட்டும் மாற்றினாலும் ஒன்றை மறக்கக்கூடாது. ஒரு விளக்குக்கு அங்கீகாரம் தரும்போது அதை எந்தப் பல்போடு சோதித்தார்களோ, அந்தப் பல்புக்குத்தான் அந்த அங்கீகாரம். கூட்டின் மேல் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். அதுதான் அந்த அங்கீகார முத்திரை. உள்ளே வேறு வகை ஒளியைப் போட்டுவிட்டு அந்த முத்திரையைக் காட்டி வாதாட முடியாது. காரை விற்கும்போது உரிமை மாற்றத்துக்கான பரிசோதனையிலும் கேள்வி வரலாம். எனவே கழற்றிய பழைய பல்புகளைத் துணியில் சுற்றி வண்டியிலேயே வைத்திருங்கள். சந்தேகம் இருந்தால் ஜேபிஜேயிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. எல்இடி விளக்கோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த முழு விளக்குத் தொகுதி உங்கள் காருக்குப் பொருந்துமானால், விலை கூடினாலும் அதுவே பத்திரமான வழி.

இருபது அடி பின்னால் போய் நில்லுங்கள்

ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சொன்னதற்குக் காரணம் இந்தச் சோதனைதான். வீட்டில் உள்ள ஒருவரைக் காரில் உட்காரவைத்து, நீங்கள் பின்னால் இருபது அடி தள்ளிப் போய் நில்லுங்கள். விளக்கைப் போடச் சொல்லுங்கள்; பிறகு பிரேக்கை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். இதை இரவில் ஒருமுறை, நண்பகல் வெயிலில் ஒருமுறை செய்யுங்கள். நேர் பின்னால் நின்று பார்த்த பிறகு, இரு பக்கமும் சாய்வாக நடந்து போயும் பாருங்கள். பின்விளக்கு, பிரேக், சிக்னல் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டும் பாருங்கள்.

பழைய பல்பைவிடப் புதியது எல்லாக் கோணத்திலும் தெளிவாக இருந்து, பிரேக் பிடிக்கும் நொடி சட்டென்று தெரிந்தால் மறுபக்கத்தையும் மாற்றலாம். வெயிலில் பிரேக் தெரியவில்லை, பக்கவாட்டில் மங்குகிறது, இரவில் கண் கூசுகிறது என்று ஏதேனும் ஒரு குறை இருந்தாலும் பழைய பல்பையே திரும்பப் போட்டுவிடுங்கள். எல்இடிக்குக் கொடுத்த பணம் போனால் போகட்டும். ஓட்டுநர் இருக்கையில் இருந்து நம் பின்விளக்கு நமக்குத் தெரியாது. அது நன்றாக இருக்கிறதா என்று சொல்லக்கூடியவர் பின்னால் வருபவர் ஒருவர்தான்.