பக்கத்து வீட்டை இடிக்கிறாங்களா?

காலை ஏழு மணி. காபி டம்ளரை வாயருகே கொண்டு போகிறீர்கள். 'டமார்!' என்று ஒரு சத்தம். ஜன்னல் கம்பிகள் அதிர்கின்றன. எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் நாலு பேர் சம்மட்டியோடு நிற்கிறார்கள். ''பழைய வீட்டை இடிச்சிட்டு ஃப்ளாட் கட்டப் போறாங்களாம்'' என்கிறார் உங்கள் வீட்டுக்காரர்.

இனி ஒரு வருஷத்துக்காவது உங்களுக்கு இதுதான் சுப்ரபாதம்!

''சத்தம்தான் தாங்க முடியலை...'' என்பதுதான் பொதுவாக எல்லோரும் சொல்லும் புகார். ஆனால், நீங்கள் அதிகம் உஷாராக இருக்க வேண்டியது, சத்தமே போடாமல் வீட்டுக்குள் நுழையும் தூசியிடம்தான்.

செங்கல், மணல், கான்கிரீட் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. உடைக்கும்போது இது பொடியாகிப் பறக்கும். மேஜைமேல் படிவதைத் துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களோ நுரையீரலின் அடிவரை போய்விடும். ஆரோக்கியமானவர்களுக்குத் தொண்டைக் கரகரப்பு, இருமலோடு போகலாம். ஆஸ்துமா உள்ள பாட்டிக்கும், வீஸிங் வருகிற குழந்தைக்கும் அப்படியில்லை. மூச்சுத் திணறலே வந்துவிடும்.

முதல் வேலை, பேச்சுவார்த்தை!

சண்டைக்குப் போகாதீர்கள். இடிக்க ஆரம்பிக்கும் முன்பே வீட்டுக்காரரையும் கான்ட்ராக்டரையும் பாருங்கள். ''வீட்ல ஆஸ்துமா பேஷன்ட் இருக்காங்க. உங்க ஒத்தாசை வேணும்'' என்று ஆரம்பியுங்கள். கேட்க வேண்டியவை மூன்றே மூன்று. உங்கள் பக்கம் வலை அல்லது தார்ப்பாய் கட்ட வேண்டும். உடைக்கும்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். பெரிய இடிப்பு வேலை இருந்தால் முந்தின நாளே சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால், அதை உடைக்காமல் நனைத்து, முழுசாகக் கழற்றச் சொல்லுங்கள். அதன் இழைகள் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடக்கூடியவை.

அப்படியே உங்கள் வீட்டுச் சுவர்களைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு விரிசல் விழுந்தால் வாய்த்தகராறு மிச்சம்.

வீட்டுக்குள்ளே...

* அந்தப் பக்கத்து ஜன்னல்களை வேலை நடக்கும்வரை மூடுங்கள். வேலை முடிந்து தூசி அடங்கியதும் திறந்து காற்றோட்டம் விடுங்கள்.

* துடைப்பத்தால் பெருக்காதீர்கள். படிந்த தூசி மறுபடி கிளம்பும். ஈரத் துணியால் துடையுங்கள்.

* சம்ப், மொட்டை மாடி டேங்க் இரண்டையும் இறுக மூடுங்கள். துணியை வீட்டுக்குள் காயப் போடுங்கள்.

* கைக்குட்டை கட்டினால் நுண்துகள் நிற்காது. வெளியே போக வேண்டியிருந்தால் என்-95 மாஸ்க் போடுங்கள்.

* ஆஸ்துமாக்காரர்கள் வேலை தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். தினசரி இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. அவசர இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது என்றால், கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிதான்!

* இடிப்பு வேலை மும்முரமாக நடக்கும் நாட்களில் பாட்டியையும் குழந்தையையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைக்கலாம்.

சத்தத்துக்கும் ஒரு எல்லை உண்டு. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக் கூடாது என்கின்றன, 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். நல்லபடி சொல்லியும் கேட்கவில்லையென்றால் போலீஸில் புகார் கொடுக்கலாம்.

இடிப்பு முடிந்து கட்ட ஆரம்பித்ததும் அடுத்த விருந்தாளி, கொசு. கான்கிரீட் தளத்தில் கட்டி வைக்கும் தண்ணீர், லிஃப்ட் குழி, டிரம்... எல்லாமே டெங்கு கொசு முட்டையிடத் தோதான இடங்கள். முட்டை கொசுவாகச் சுமார் 7 முதல் 10 நாள் போதும். ஆகவே, வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிக் காயவிடச் சொல்லுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். உங்களுக்கு இந்தத் தூசி சில மாதங்கள்தான். சம்மட்டி பிடிப்பவருக்கு வாழ்நாள் முழுக்க. அதில் சிலருக்கு 'சிலிகோசிஸ்' என்ற தீராத நுரையீரல் நோயே வருகிறது. தண்ணீர் தெளிக்கச் சொல்வது அவருக்காகவும்தான். சொல்லப் போகும்போது ஒரு சொம்பு மோரும் கொண்டு போங்களேன். நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்!