குருவும் சிஷ்யனும்

கானடா தேசத்தாருக்கு ஐஸ் ஹாக்கி வெறும் விளையாட்டன்று. 1994-ம் வருஷத்தில் அத்தேசத்துப் பார்லிமெண்டு அதைக் குளிர்காலத்துக்குரிய தேசிய விளையாட்டென்று சட்டமாகவே இயற்றிற்று. சிற்றூர்களிலும் பனித்தளம் அமைத்து ஆடுகிறார்கள். தேசாபிமானம் ஒரு விளையாட்டிலே குடிகொள்வதை நாம் குறை கூறவில்லை. ஆனால் கோயிலின் பெருமைக்குப் பங்கம் வருமென்று அஞ்சிப் பூசாரியின் அக்கிரமத்தை ஊரார் காணாதவர் போலிருப்பதுண்டு. தியோரன் ப்ளூரி என்னும் ஆட்டக்காரரின் சரித்திரம் அத்தகையது.

1968-ம் வருஷத்தில் பிறந்த மிஸ்டர் ப்ளூரி, மானிடோபா மாகாணத்தில் ரஸ்ஸல் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். உயரம் 5 அடி 6 அங்குலம். ஆஜானுபாகுகள் மோதிக்கொள்ளும் அந்த ஆட்டத்தில் இவர் எம்மாத்திரம் என்று பலர் நினைத்தனர். 1987-ல் கால்கரி கோஷ்டியார் இவரைப் பொறுக்கியபோது, இவருக்கு முன்னே 165 பேர் பொறுக்கப்பட்டிருந்தார்கள். இரண்டே வருஷத்தில், 1989-ல், அந்தக் கோஷ்டி ஸ்டான்லி கோப்பையை வென்றது. இவரும் அதில் ஆடினார். நாஷனல் ஹாக்கி லீகில் இவர் ஆடிய ஆட்டங்கள் 1084. போட்ட கோல்கள் 455. 2002-ல் ஸால்ட் லேக் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தில், ஐம்பது வருஷம் காத்திருந்த கானடா தேசத்துக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தவர்களில் இவர் ஒருவர்.

அடுத்த வருஷமே, மது, லாகிரி வஸ்து சம்பந்தமான விதிகளை மீறியதற்காக லீகார் இவரை விலக்கி வைத்தனர். அதன் பின் அந்த லீகில் இவர் ஆடவேயில்லை. குடியும் கொக்கேயினும் பிடித்தாட்ட, கோடிக்கணக்கான பணத்தைத் தொலைத்து, உயிரை மாய்த்துக் கொள்ளும் எல்லை வரை சென்றார். பணம் வந்தது, புத்தி கெட்டது என்று உலகம் தீர்ப்புச் சொல்லிற்று. காரணத்தை விசாரியாமல் சொல்லப்படும் தீர்ப்புகளே எப்போதும் விரைவில் கிடைக்கின்றன.

காரணம் இது. சிறுவயதில் இவர் வீட்டில் ஒழுங்கில்லை, தகப்பனார் குடிப்பழக்கமுள்ளவர். கிரஹாம் ஜேம்ஸ் என்ற பயிற்சியாசிரியன் பையனுடைய சாமர்த்தியத்தை மெச்சி, வின்னிபெக் நகரத்துக்கு வரவழைத்துத் தன் கோஷ்டியில் சேர்த்துக் கொண்டான். வாரத்தில் சில இரவுகள் தன் வீட்டில் தங்க வேண்டுமென்று விதித்தான். பதினான்கு வயதுப் பிள்ளையை அங்கே தன் காமத்துக்கு இரையாக்கினான். ஒரு நாளோடு முடிந்த கொடுமையன்று அது. மாதக் கணக்கில் நடந்தது.

பையன் ஏன் எவரிடமும் சொல்லவில்லை என்று கேட்கலாம். யாரிடம் சொல்வது? அத்தேசத்தில் தேர்ந்த ஆட்டக்காரராக விரும்பும் பிள்ளைகள் பதினைந்து பதினாறு வயதிலேயே வீட்டைவிட்டு அயலூர் சென்று, அந்நிய குடும்பங்களில் தங்கி ஆடுகிறார்கள். யார் ஆடுவது, யார் ஊருக்குத் திரும்புவது என்பதெல்லாம் பயிற்சியாசிரியன் கையில் இருக்கிறது. பையனுடைய வருங்காலத்தின் திறவுகோலை வைத்திருப்பவனே குற்றவாளி. அவனுக்கோ நாளுக்கு நாள் கீர்த்தி. 1989-ல் அவன் நடத்திய கோஷ்டி பெரிய கோப்பையொன்றை வென்றதும், ஹாக்கிப் பத்திரிகை ஒன்று அவனை அவ்வருஷத்தின் சிறந்த மனிதனென்று கொண்டாடியது. கால்கரி ஹிட்மென் என்ற கோஷ்டியை ஜேம்ஸ் ஸ்தாபித்தபோது, அதில் பங்குதாரராகச் சேர்ந்தவர்களில் மிஸ்டர் ப்ளூரியும் ஒருவர்! இதைக் கேட்டு நகைப்பவர்கள், சிறுவயதில் பூட்டப்பட்ட விலங்கு எவ்வளவு கனமென்று அறியாதவர்கள்.

முதலில் வாய் திறந்தவர் ஷெல்டன் கென்னடி. இவரும் அந்த ஜேம்ஸிடம் பயின்று அதே கொடுமைக்கு ஆளானவர். 1994 முதல் 1996 வரை கால்கரி கோஷ்டியில் மிஸ்டர் ப்ளூரியுடன் சேர்ந்து ஆடியவர். 1996-ல் இவர் போலீசாரிடம் சென்றார். 1997 ஜனவரியில் ஜேம்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மூன்றரை வருஷத் தண்டனை கிடைத்தது. தேசம் திடுக்கிட்டது. அப்பொழுதும் மிஸ்டர் ப்ளூரி பேசவில்லை. வெட்கத்தை மதுவில் கரைக்க முயன்றார். அது கரையவில்லை, இவர்தாம் கரைந்தார்.

2005 செப்டம்பரில் மிஸ்டர் ப்ளூரி குடியை நிறுத்தினார். குடியை விட்டவனுக்கு, குடி மறைத்து வைத்திருந்ததெல்லாம் பட்டப்பகலில் கண்ணெதிரே வந்து நிற்கும். அதனோடு நான்கு வருஷம் போராடி, 2009-ல் தம் சரித்திரத்தைப் புத்தகமாக வெளியிட்டார். 2010-ல் வின்னிபெக் போலீசாரிடம் புகார் கொடுத்தார். கானடா சட்டப்படி கொடிய குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது. கால் நூற்றாண்டு கடந்த பின்னும் வழக்கு நடந்தது அதனால்தான். 'இத்தனை காலம் ஏன் வாளாவிருந்தாய்?' என்னும் குறுக்கு விசாரணைக் கேள்வியை நம் வக்கீல்கள் பெரிய அஸ்திரமாகக் கருதுகிறார்கள். இவ்வகைக் குற்றங்களில் அம்மௌனமே குற்றத்தின் பலன் என்பதை அவர்கள் சற்று யோசிப்பார்களாக.

இதனிடையே ஒரு விநோதம் வெளிப்பட்டது. 2007-லேயே சர்க்கார் சபை ஒன்று ஜேம்ஸுக்குச் சட்டப்படி மன்னிப்பு வழங்கி, அவனுடைய குற்றப்பதிவை ஒதுக்கி வைத்திருந்தது! 2010-ல் பத்திரிகைகள் இதை வெளியிட்டதும் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். அவ்வருஷமே பார்லிமெண்டு மன்னிப்புச் சட்டத்தைக் கடுமையாக்கிற்று. 2012-ல் இயற்றிய சட்டம், குழந்தைகளைக் கெடுத்தவர்களுக்கு அத்தகைய சலுகையே இல்லையென்று விதித்தது.

மிஸ்டர் ப்ளூரிக்கும் அவருடைய உறவினரான மற்றோர் ஆட்டக்காரருக்கும் இழைத்த கொடுமைக்காக, 2012 மார்ச்சில் கீழ்க்கோர்ட் விதித்த தண்டனை இரண்டே வருஷம். அப்பீலில் 2013-ல் அது ஐந்து வருஷமாயிற்று. 2015-ல் வேறொருவர் விஷயத்தில் இன்னும் இரண்டு வருஷம் கூடிற்று. இரண்டை ஐந்தாக்கிய நீதிபதிகளை நாம் பாராட்டுகிறோம்; ஆயினும் ஒரு பிள்ளையின் இருபது வருஷ வாழ்வுக்கு ஐந்து வருஷம் ஈடாகுமென்று சொல்ல நம் மனம் துணியவில்லை.

2013 மே மாதத்தில் மிஸ்டர் ப்ளூரி டொராண்டோ நகரத்திலிருந்து தலைநகரான ஆட்டவாவின் பார்லிமெண்டு வரை கால்நடையாகச் சென்றார். நம்மவருக்குப் பாதயாத்திரையின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. குழந்தைகளைக் காக்கும் சட்டங்கள் பலப்பட வேண்டுமென்பது அவர் கோரிக்கை. அவருடைய புத்தகம் வெளிவந்த நாளிலிருந்தே, அதில் கையெழுத்து வாங்க வந்து நின்றவர்களில் சிலர், தமக்கும் சிறுவயதில் அவ்வாறே நேர்ந்ததென்று அவரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்களாம். அவர்களில் நரைத்த தலையினரும் உண்டு.