புது கேம் பாய் வந்தாச்சு... பழைய கேசட் என்னாச்சு?

கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் கருவியில் புது மாடல் வந்துவிட்டால், மனசு துள்ளிக் குதிக்கும், இல்லையா? பெரிய திரை, பளிச்சென்ற வண்ணம், அசத்தும் வேகம்... எல்லாம் சரிதான். ஆனால், அதை வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 'என்னிடம் இருக்கும் பழைய விளையாட்டுகள் இதில் ஓடுமா?'

இந்தக் கேள்விக்கு ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் சில முறை 'ஓடும்' என்றும், சில முறை 'ஓடாது' என்றும் பதில் சொல்லியிருக்கிறது. அந்தக் கதையைக் கேளுங்கள்!

சாதுவான வீரன்!

1989ம் ஆண்டு, ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 'கேம் பாய்'. குன்பெய் யோகோய் என்பவரின் தலைமையில் உருவானது. இதன் திரையில் வண்ணமே கிடையாது, வெளிச்சமும் கிடையாது. ஆனால், போட்டிக்கு வந்த அடாரியின் 'லின்க்ஸ்', சேகாவின் 'கேம் கியர்' இரண்டிலும் வண்ணத் திரை, உள்ளேயே விளக்கு!

அப்படியானால் ஜெயித்தது யார்? கேம் பாய்தான்! வண்ணத் திரை கருவிகள், ஆறு பேட்டரிகளை நான்கைந்து மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாயோ, நான்கே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். விலையும் குறைவு. 'பழகிப்போன, விலை மலிந்த தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்து' என்பதுதான் யோகோயின் கொள்கை. கேம் பாயும், அதன் வண்ணத் தம்பியும் சேர்ந்து, 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன. அடேங்கப்பா!

குட்டி ஸ்விட்ச் செய்த வேலை

1998ல் அந்த வண்ணத் தம்பி, 'கேம் பாய் கலர்' வந்தது. பழைய கேசட்டைச் செருகினால், கறுப்பு வெள்ளை விளையாட்டுக்கும் சில வண்ணங்களைப் பூசிக் காட்டியது.

2001ல் 'கேம் பாய் அட்வான்ஸ்' வந்தபோது, ஒரு சிக்கல். அதன் புது மூளைக்குப் பழைய விளையாட்டுகளின் மொழி புரியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய வகை மூளை ஒன்றையும் உள்ளேயே வைத்துவிட்டார்கள்! வந்திருப்பது பழைய கேசட்டா, புதியதா என்று எப்படித் தெரியும்? கேசட் செருகும் இடத்தில் ஒரு குட்டி ஸ்விட்ச். பழைய கேசட்டின் வடிவம் அதை அழுத்தும், புதியது அழுத்தாது. அழுந்தினால், பழைய மூளை விழித்துக் கொள்ளும்!

கதவு மூடியது!

2004ல் இரட்டைத் திரையுடன் வந்த 'நின்டெண்டோ டி.எஸ்.', கேம் பாய் அட்வான்ஸ் கேசட்டுகளை மட்டும் ஏற்றுக்கொண்டது. அதற்கும் முந்தையவை ஓடவில்லை. 2008ல் வந்த 'டி.எஸ்.ஐ.' மாடலில், அந்தக் கேசட்டுக்கான இடமும் போய்விட்டது. சோனியின் 'பி.எஸ்.பி.' வட்டுகளுக்கும் இதே கதிதான். 2011ல் வந்த 'வீட்டா'வில், அவற்றைப் போட இடமே இல்லை. பழையதற்காகத் தனி மூளை, தனி இடம் என்று வைத்தால், கருவி பெரிதாகும், செலவும் கூடும் அல்லவா?

பின்தங்கிய போக்கிமான்கள்

இதனால் தவித்துப் போனவர்கள், போக்கிமான் ரசிகர்கள். 1996ல் ஜப்பானில் வந்த முதல் விளையாட்டில் பிடித்து வளர்த்தவற்றை, 1999ல் வந்த அடுத்த விளையாட்டுக்குக் கேபிள் மூலம் அனுப்ப முடிந்தது. ஆனால், 2002ல் வந்த 'ரூபி', 'சஃபையர்' விளையாட்டுகளுக்கு அனுப்ப வழியே இல்லை. ஆண்டுக்கணக்கில் வளர்த்த பிகாச்சு, பழைய கேசட்டிலேயே தங்கிவிட்டது!

அந்தக் கேசட்டுக்குள் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. விளையாட்டை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்தால், சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். பாவம், பிகாச்சு!

வாங்கும் முன்...

* எந்தெந்தப் பழைய விளையாட்டுகள் ஓடும் என்று பாருங்கள். 2025ல் வந்த 'ஸ்விட்ச் 2', முந்தைய ஸ்விட்ச் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஏற்கும், எல்லாவற்றையும் அல்ல.

* சேமித்து வைத்த விளையாட்டைப் புதியதற்கு மாற்றிய பிறகே, பழைய கருவியைப் பிறருக்குக் கொடுங்கள்.

* இணையக் கடையில் வாங்கும் விளையாட்டுகளுக்கும் ஆபத்து உண்டு. 'நின்டெண்டோ 3டி.எஸ்.' கருவிக்கான கடை, 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டது.

* பழைய கருவியை எடுத்து வைக்கிறீர்களா? கழற்றக்கூடிய சாதாரண பேட்டரிகள் என்றால், கழற்றிவிடுங்கள். அவை கசிந்தால், உள்ளே அரித்துவிடும். உடைந்தே போனாலும், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

இத்தனையும் விசாரித்துவிட்டு, "அப்பா, புதுசு வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். அப்பா அசந்துபோவார். வாங்கித் தருவாரா என்று கேட்கிறீர்களா? அது உங்கள் சாமர்த்தியம்!