குளிர்பானப் புறக்கணிப்பும் கரும்புப் பாக்கியும்

பெருநிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் எதிராகப் போராட்டம் அறிவிக்கப்படும்போதெல்லாம், அதன் நோக்கத்தோடு உடன்படுபவர்களிடையேகூட, இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்தை உரசிப் பார்க்க, தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் பானங்களை விற்பதில்லை என்று எடுத்த முடிவு ஏற்ற சான்றாகும்.

அவ்வாண்டு ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட இளைஞர்களிடையே அயல்நாட்டுப் பானங்களைக் கைவிடும் குரலும் எழுந்தது. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் இயங்கும் குளிர்பான ஆலைகள் தாமிரபரணி நீரை எடுப்பதன் மீதிருந்த கோபமும் அதனுடன் சேர, வெள்ளையன் தலைமையிலான வணிகர் பேரவையும் விக்கிரமராஜா தலைமையிலான பேரமைப்பும் விற்பனைத் தடையை அறிவித்தன.

திண்டிவனம் வட்டாரத்தில் பிரம்மதேசம் போன்ற ஊரில் பெட்டிக்கடை நடத்துபவரின் இடத்திலிருந்து பார்த்தால், இத்தடை ஏன் நிலைக்கவில்லை என்பது விளங்கும். கடையில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டி பெரும்பாலும் பான நிறுவனம் கொடுத்தது. அதில் அந்நிறுவனத்தின் சரக்கை வைப்பதே நிபந்தனை. கோடையில் வாடிக்கையாளர் கேட்கும் பானம் இல்லையென்றால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்த இழப்பை எந்தச் சங்கமும் ஈடுகட்டுவதில்லை. மேலும், தம்ஸ் அப், லிம்கா, மாஸா ஆகியவை இந்திய நிறுவனமான பார்லேவிடமிருந்து 1993இல் கோக்கோ கோலாவின் கைக்குப் போனவை என்பதை அறியாமல், கோக்கைத் தள்ளிவிட்டு மாஸாவைக் கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். 1916இல் தொடங்கப்பட்ட காளிமார்க்கின் பொவண்டோ போன்ற உள்ளூர்ப் பானங்களுக்குச் சிறிது காலம் கூடுதல் இடம் கிடைத்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் சில மாதங்களிலேயே பழைய புட்டிகள் பல கடைகளுக்குத் திரும்பிவிட்டன.

ஆலைகள் தாமிரபரணி நீரை எடுப்பதற்கு எதிரான வழக்கும் வேறு திசையில் முடிந்தது. ஆலைகளுக்கு நீர் வழங்க 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்த உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, விற்பனைத் தடை தொடங்கிய மறுநாளே, அதாவது 2017 மார்ச் 2 அன்று, மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

2011 செப்டம்பரில் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் பகுதியில் வங்கிகளின் பேராசையை எதிர்த்துக் கூடியவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கோபம் உண்மையானது, ஆனால் இதைச் செய் என்று யாரிடமும் சொல்லக்கூடிய ஒற்றைக் கோரிக்கை இல்லாததால், அவர்கள் தங்கியிருந்த பூங்காவை இரண்டே மாதங்களில் காவல்துறை காலிசெய்தபோது கையில் எஞ்சியது முழக்கம் மட்டுமே.

இவற்றை வைத்து எல்லாப் போராட்டமும் வீண் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில், தங்கள் பெயரில் சர்க்கரை ஆலை வங்கிக் கடன் வாங்கிவிட்டதாகக் குற்றம்சாட்டி 2022 நவம்பர் இறுதியில் போராட்டத்தில் இறங்கிய கரும்பு விவசாயிகள், நிலுவைத் தொகையையும் கடனிலிருந்து விடுவிப்பையும் கேட்டார்கள். ஆலை, வங்கி, அரசு ஆகிய மூன்றும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் விழுப்புரம் விவசாயிகளுக்கு, வெறும் முழக்கத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டிய கோரிக்கைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் சுட்டிக்காட்டத் தெளிவான விதியே இருக்கிறது: 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, கரும்பைப் பெற்ற 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியும் சேர்த்துத் தர வேண்டும்.